பங்குனிக் குருவிகளும் என் காதும்

எழுபதுகளின் பின்பாதியில் நான் கும்மிடிப்பூண்டியில் இரும்பு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். லாரிக்கும் டிராக்டருக்கும் வேண்டிய கனமான பாகங்களை அங்கே செய்தார்கள். உலையில் பழுத்த இரும்புத் துண்டை இடுக்கியால் பிடித்து அச்சின் மேல் வைத்தால், மேலேயிருந்து ஹேமர் என்கிற ராட்சதச் சம்மட்டி இறங்கி ஒரே போடாகப் போடும். சில அடிகளில் இரும்பு உருவத்துக்கு வந்துவிடும். ஷெட்டில் வரிசையாக ஹேமர்கள் நின்றன. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று அடிக்கும். அங்கே பேச்சு என்பதே கிடையாது. கையைக் காட்டுவோம், கண்ணால் சாடை செய்வோம், அவசரம் என்றால் காதில் வாயை வைத்துக் கத்துவோம்.

கடம்பத்தூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பி எல்லோரும் அதை நம்பி உட்கார முடியாது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு சும்மா இருந்த எனக்கு, புதிதாக வந்த தொழிற்பேட்டையில் நிரந்தர வேலை கிடைத்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. உடனே பெண் பார்த்தார்கள். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு கிராமம். நெல் வயலும் கரும்பும் உள்ள வீடு. அவள் தன் அப்பாவை நைனா என்று கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஏரிக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்தோம். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணறு. இரண்டாம் வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். மாசி மாதத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். உப்பைக் குறைக்கச் சொன்னார், காலையில் வெயில் ஏறுவதற்குள் கொஞ்ச தூரம் நடக்கச் சொன்னார். தனியாக அனுப்பாதே, கூடப் போ என்று என்னிடமும் சொன்னார்.

அப்படித்தான் நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் விடிந்ததும் கிளம்பி ஏரிக்கரை மேல் போவோம். கரையின் ஒரு பக்கம் தண்ணீர் வற்றி, நாணலும் சேறுமாகக் கிடக்கும். மறு பக்கம் நவரை நெல் பச்சையாக நிற்கும். கரை நெடுகக் கருவேல மரங்கள், இடையிடையே புளியும் பனையும். மதகுக்கல் வரைக்கும் போய், அவள் அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பி வருவோம். எங்களுக்குள் அதுவரை பெரிய பேச்சு இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன். அவள் பேசுவதில் பாதிக்கு 'உம்' கொட்டுவேன். கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்திருப்பாள்.

பங்குனி பிறந்த வாரத்தில் ஒரு நாள், கருவேல மரம் ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இம்மாத்தூண்டு குருவி இன்னா கத்து கத்துது பாருங்க" என்றாள்.

நானும் அண்ணாந்து பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டேன். நேராகத் தலைக்கு மேலே என்றாள். காற்றில் இலைகூட அசையவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விரல் காட்டிய கிளையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, இலை ஒன்று இடம் மாறுவது தெரிந்தது. பார்த்தால் குருவி. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இலைப் பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேலே மஞ்சளாக ஒரு கோடு. வாயைத் திறந்து திறந்து மூடியது. தொண்டை துடிப்பதுகூட எனக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"தோ, இப்ப கத்துது. தோ, நிறுத்திச்சி. தோ, மறுபடியும்" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் சொன்ன நேரத்துக்குச் சரியாகக் குருவியின் வாய் திறந்தது, மூடியது. ஊமைப் படம் பார்ப்பதுபோல் நான் நின்றேன்.

அன்று சாயங்காலம் அவள் மெதுவாக ஆரம்பித்தாள். சட்டையைக் கேட்டால் தட்டைக் கொண்டுவந்து தருகிறேனாம். பின்கட்டிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். தன் மேல் பிரியம் இல்லை, அதனால்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தத்தைவிட ஒரு தெளிவு வந்திருந்தது.

பேச்சை மாற்றுவதற்காக, இந்த வீட்டில் சில்வண்டுத் தொல்லை தாங்க முடியவில்லை, அதனால்தான் சரியாகக் கேட்பதில்லை என்றேன். வாடகைக்கு வந்த நாளிலிருந்தே அந்த இரைச்சல் என்னை விடவில்லை. ஏரி பக்கத்தில் இருக்கிறதே, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். "எந்த சில்வண்டு?" என்றாள்.

"இப்பக்கூட கத்துதே."

"இங்க ஒண்ணும் கத்தலீங்க" என்றாள்.

இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளைப் பொத்திக்கொண்டேன். சில்வண்டு நிற்கவில்லை. பொத்தியபின் இன்னும் ஓங்கிக் கேட்டது. அது என் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் கேன்டீனில், எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஹேமர்மேனிடம் இதைச் சொன்னேன். பொன்னேரிக்காரர், ஐம்பது வயதிருக்கும், மெட்ராஸில் பழைய பட்டறைகளில் எல்லாம் வேலை பார்த்தவர். நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் காதருகே போய்க் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"காது கேக்குறவன் எவன்பா ஹேமர்ல நிப்பான்? எனக்கு லெஃப்ட்டு காது பூட்டு எவ்ளோ வருஷம் ஆவுது. இன்னா கொறஞ்சி பூட்டேன்? ஊட்ல அவ கத்துறது கேக்கறதில்ல, நிம்மதியா கீறேன்."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதைச் சிலர் கேட்டுச் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

நடப்பதை நாங்கள் விடவில்லை. அவளுக்குக் கால் வீக்கம் வடிந்திருந்தது. அதோடு, குருவி பார்க்கும் ஆசையும் அவளுக்கு வந்துவிட்டது. சின்ன வயதில் கொல்லையில் தானியத்துக்குக் காவல் இருந்தவள், குரல்களை நன்றாக அறிந்திருந்தாள். ஆனால் இலைக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வராது. எனக்கோ கண் கூர்மை. இடம் தெரிந்தால் போதும், எவ்வளவு மறைவில் இருந்தாலும் பிடித்துவிடுவேன். இடம்தான் தெரியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தோம். அவள் எனக்குப் பின்னால் நின்று கேட்பாள். குரல் வரும் திசை தெரிந்ததும் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவாள். இன்னும் மேலே என்றால் மோவாயைத் தூக்குவாள். நான் பார்த்ததும் அவளுக்குக் காட்டுவேன்.

களை எடுக்கப் போகும் பெண்கள் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி நின்று, "இன்னாம்மா, புருஷனுக்குக் கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள். மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். என் மனைவிக்கு வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை, ஏனென்றால் அப்போது புளிய மரத்தில் ஒரு மாம்பழக் குருவி இருந்தது. மாம்பழ மஞ்சள் உடம்பு, கருப்பு இறக்கை. அதன் குரல் எனக்கும் கேட்டது. புல்லாங்குழலில் ஊதுவதுபோல் தணிந்த குரல் அது.

அப்படித்தான் ஒன்று புரிய ஆரம்பித்தது. தணிந்த குரல் உள்ளவை எனக்குக் கேட்டன. கீச்சுக்குரல் உள்ளவை கேட்கவில்லை. கேட்காத குருவிகளின் பாட்டை அவள் தன் தொண்டையில் தணித்துப் பாடிக் காட்டுவாள். அந்தப் பச்சைக் குருவியின் குரலை 'திசிலி திசிலி' என்று மூக்கால் பாடினாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதகுக்கல்லில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்தப் பங்குனியில் ஏரிக்கரைக்கு வந்த குருவிகளைப்போல் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முன்பும் வந்திருக்கும், நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சேற்றில் மஞ்சள் வாலாட்டிகள் ஓடின. ஒரு நாள் காலை, கருங்குருவிக்கு ரோஜா நிறச் சட்டை போட்டதுபோல் சோளக்குருவிகள் பெருங்கூட்டமாக வந்து கருவேல மரங்களை மூடிவிட்டு, நாங்கள் பக்கத்தில் போவதற்குள் ஒன்றாக எழும்பிப் போயின. செங்காவி நிறத்தில் ஒரு குருவி, தன்னைவிட நீளமான நாடா வாலை இழுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குள் போனது. இவையெல்லாம் மழைக்காலத்தை ஒட்டி வரும், சித்திரையில் போய்விடும் என்றாள். எங்கே போகும் என்றேன். "வடக்க எங்கியோ போவும், யாருக்குத் தெரியும்" என்றாள். பல வருஷம் கழித்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, கட்டைவிரல் அளவான அந்தப் பச்சைக் குருவி இமயமலைக்கும் அதைத் தாண்டியும் போகிறது என்று படித்தேன். அவள் அதை நம்பவே இல்லை.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் தினமும் சொன்னாள். நான் தள்ளிப்போட்டேன். ஒரு காலை, நாங்கள் மதகை நெருங்கும்போது புதருக்குக் கீழேயிருந்து இரண்டு விசில் சத்தம் வந்தது. ஒன்று ஏறி, ஒன்று இறங்கி. அவள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் கவனிப்பதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். சருகுக்கு நடுவில் அது நின்றது. குட்டை வால், பச்சை முதுகு, இளம்பழுப்பு மார்பு, வாலடியில் ரத்தச் சிவப்பு, இறக்கை ஓரத்தில் நீலம். தலையைப் பின்னால் சாய்த்து இன்னொரு முறை விசில் அடித்தது.

"ஆறுமணிக்குருவி" என்று அவள் காதோரம் சொன்னாள். "காலைல ஒருக்கா, பொழுதுபோனா ஒருக்கா கத்தும்."

எனக்கு ஒரே சந்தோஷம். எனக்கே முதலில் கேட்டதே, காதில் ஒன்றும் கோளாறு இல்லை, ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் வீட்டு வாசல் வரை பொறுமையாக இருந்தாள்.

"இது கேக்குது, அது கேக்கல. அதுக்குத்தான் டாக்டராண்ட போவணும்ன்றேன். ரெண்டும் கேக்காமப் போனப்புறம் போயி இன்னா பண்ணப் போறோம்?" என்றாள்.

அந்த வாரமே ரயில் ஏறி மெட்ராஸுக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் கவட்டை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி அதிரவிட்டுக் காதருகே வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் அடிக்கடி தூக்கினேன். அப்புறம் நெடுநேரம் தூக்கவே வேலை இல்லாமல் போயிற்று. பரிசோதனை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று கழற்றப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், உட்காருங்கள், இன்னும் சத்தம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று சைகை செய்தார்.

டாக்டர் ஒரு வரைபடத் தாளைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் மட்டமாகப் போய், கரையிலிருந்து பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. வேலையில் இருக்கும் இரைச்சலால் வந்தது என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் தயங்கினேன். குருவி என்று என் மனைவி சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், பிறகு அவளை முழுதாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். போன காது இனித் திரும்பாது, மருந்தும் கிடையாது, அந்த ஷெட்டை விட்டு வெளியே வந்தால் மிச்சம் இருக்கிற காது அப்படியே நிலைக்கும் என்றார்.

எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள்: "கொழந்த அழுவுறது இவருக்குக் கேக்குமா?"

"கேக்கும்மா. இப்ப இருக்கிற காதுக்கு நல்லாவே கேக்கும். அதே வேலையில நின்னுட்டார்னா அப்புறம் நான் சொல்ல முடியாது."

திரும்பும் ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

ஃபோர்மேனிடம் கேட்டேன். ஆர்டர் நிறைய இருக்கிறது, இப்போது ஆள் மாற்ற முடியாது, சித்திரை போகட்டும் பார்க்கலாம் என்றார். உள்ளதைச் சொன்னால், அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதிதான். ஷெட்டை விட்டு வந்தால் சம்பளம் குறையும், ஓவர்டைம் இருக்காது. குழந்தை வரப்போகிற நேரம். தவிர, ஹேமரில் நிற்பவனுக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரு மரியாதை உண்டு. ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுப்பவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஃபோர்மேன் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

பங்குனி கடைசியில் வளையல் போட்டு, மாமனார் வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போனார். பஸ் ஏறும்போது, தன் அப்பாவுக்குக் கேட்காதபடி, ஆனால் எனக்குக் கேட்கிற அளவுக்கு, என் காதருகே வந்து சொன்னாள்.

"ஃபோர்மேன் கெடக்கறாரு. பெரிய மேனேஜரப் பாத்துப் பேசுங்க. நான் கைப்புள்ளையோட வர்றதுக்குள்ள."

அடுத்த நாள் காலை பழக்கத்தில் நான் தனியாகவே நடக்கப் போனேன். கரை அப்படியே இருந்தது, கருவேல மரங்கள் இருந்தன. பறவை ஒன்றும் இல்லை. காகமும் கொக்கும்தான் கண்ணில் பட்டன. எல்லாம் வடக்கே போய்விட்டன போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். மரத்தடியில் நின்று வெகுநேரம் பார்த்த பிறகு ஒரு இலை இடம் மாறியது. பச்சைக் குருவிதான். போகவில்லை, இங்கேதான் இருந்தது. வாய் திறந்து மூடியது. அந்த மரத்திலேயே இன்னும் இரண்டோ மூன்றோ இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? என் தலையைத் திருப்பிவிட ஆள் இல்லை.

கரையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகில் ஏதோ வந்து மோதியது. குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் ஒரு சைக்கிள் பக்கத்தில் கிடக்கிறது, பால் கேன் உருண்டு சரிவில் போகிறது, பால் மண்ணில் ஓடுகிறது. பால்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தார். என் கையில் ரத்தம் கசிவதைப் பார்த்தார், ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"அவ்ளோ தூரத்துலேந்து பெல் அடிச்சிக்கினே வரேன். நவுருவேன்னு பாத்தா அசையாம நிக்கிற. காது செவுடா உனுக்கு?"

அவர் வைவதற்காகக் கேட்டதுதான். நான் "ஆமாங்க" என்றேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் போய்க் கேனை எடுத்து வந்து சைக்கிளில் கட்ட உதவினேன். போன பாலுக்கு ஈடு தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை அசைத்தார். ஏறும்போது, என் முகத்துக்கு நேராக வந்து, வாயை அகலத் திறந்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஓரமா நட நைனா. ரோட்ல லாரி வரும்."

அந்தப் பரிவை என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. வாயை அப்படி அகலத் திறந்து பேசியபோதுதான், இனி என்னிடம் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்களா என்று நினைத்தேன். கருவேல மரத்தில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன். என் பிள்ளை வளர்ந்து, தன் அப்பாவிடம் இப்படி வாயை அகலத் திறந்து பேசுவதை மனதில் பார்த்தேன். அன்றைக்கு ஷிஃப்ட் ஏறுவதற்கு முன், கையில் போட்ட கட்டோடு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் என்னை உட்காரச் சொன்னார். டாக்டர் கொடுத்த தாளை மேஜை மேல் விரித்தேன். அதை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஷெட்டில் இந்த மாதிரி இன்னும் யார் யார் என்று கேட்டார். என்னுடையது மட்டும்தான் எனக்குத் தெரியும், மற்றவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றேன். தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். அச்சுகள் வைக்கும் ஸ்டோரில் ஒரு இடம் இருக்கிறது, கிரேடு இறங்கும், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். பிற்பாடு ஷெட்டில் எல்லோருக்கும் காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான்கள் வந்தன. முதல் வாரம் போட்டுக்கொண்டார்கள், வேர்க்கிறது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு சிலர் மட்டும் விடாமல் போட்டார்கள்.

ஸ்டோரில் முதல் நாள்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. ஜன்னல் வழியாகச் சாமான் வாங்க வரும் பழைய கூட்டாளிகள், உடம்பு சரியில்லையா என்று சாடையில் கேட்டார்கள். சிலர் கிண்டல் செய்தார்கள். பொன்னேரி அண்ணன் என் பக்கமே வரவில்லை. அவரைப் பெரியவராக மதித்து வேலை கற்றவன் ஹேமரை விட்டுப் போனதில் அவருக்கு வருத்தம்.

வைகாசியில் ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. வராந்தாவில் மாமியார் நின்றிருந்தார். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கணீரென்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் என்னைப் பார்த்துவிட்டு, அது நம்முடையது இல்லை, பக்கத்துக் கட்டில் என்றார். எங்கள் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பசித்து விழித்து அழுதபோது அதுவும் கேட்டது. கட்டிலில் படுத்திருந்த என் மனைவி குழந்தையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டினேன். மேனேஜரைப் பார்த்துப் பேசிவிட்டேன் என்று அப்புறம்தான் சொன்னேன்.

அந்த வருஷம் மழை முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரி அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. காபி குடித்தார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார், ஊர்க்கதை பேசினார். எதற்கு வந்தார் என்று எங்களுக்குப் புரியவில்லை. எழுந்து செருப்பு மாட்டும்போது, என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் கேட்டார்.

"அந்த மெட்ராஸ் டாக்டரு, நல்லா பாக்கறாராம்மா?"

அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிப் பேரன் பிறந்திருந்தானாம். மடியில் வைத்துக்கொண்டால் பேரன் வாய் அசைப்பது மட்டும் தெரிகிறதாம். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் நான் அவரை ரயிலில் அழைத்துப் போனேன். பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொண்டு போனதை மொத்தப் பெட்டியும் கேட்டது. வீட்டு விஷயம், ஃபோர்மேன் விஷயம் எல்லாம் கத்திக் கத்திப் பேசினோம். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மீஞ்சூர் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு ஒரு காதில் மாட்டும் கருவி எழுதிக் கொடுத்தார்கள். அதன் சின்னப் பெட்டியைச் சட்டைப் பையில் வைத்து, ஒயரைக் காதில் செருகிக்கொள்வது. அதை மாட்டிக்கொண்டு அவர் ஷெட்டுக்கு வரவில்லை. ஆனால் வீட்டில் மாட்டிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். அடைப்பானை விடாமல் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த பங்குனியில் நாங்கள் மறுபடியும் கரைக்கு நடக்கப் போனோம். குழந்தையை நான் தோளில் சாய்த்துக்கொள்வேன். கை இரண்டும் சும்மா இருந்ததால் அவள் முன்போலவே என் தலையைத் திருப்புவாள். என் காது அதற்கு மேல் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. சில்வண்டு இன்றைக்கும் உண்டு. பழகிவிட்டது.

ஒரு காலை மதகைத் தாண்டி அவள் சட்டென்று நின்றாள். இதுவரை கேட்காத குரல் என்றாள். பாடிக் காட்டச் சொன்னேன். முயன்று பார்த்தாள், வரவில்லை. தண்ணீர் கொப்பளிப்பதுபோல் இருக்கிறது, நடுவில் ஒரு சிரிப்பு இருக்கிறது என்றாள். என் தலையைப் பிடித்து நாணல் பக்கம் திருப்பினாள், பிறகு கருவேலம் பக்கம், பிறகு மறுபடியும் நாணல் பக்கம். நான் ஒவ்வொரு தண்டாகப் பார்த்தேன். வெயில் முதுகில் ஏறியது. குழந்தை தோளில் நெளிந்து சிணுங்க ஆரம்பித்தது. இன்னும் கத்துகிறதா என்று கேட்டேன். கத்துகிறது என்றாள். கடைசி வரைக்கும் அது என் கண்ணில் படவில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது, வாங்க போகலாம் என்று அவள்தான் சொன்னாள்.